தொகுதி எல்லையை கோர்ட்டில் கேட்க முடியுமா? போளூர் பக்கத்திலிருந்து போன தலைமை நீதிபதியின் கதை

ஜவ்வாது மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் போளூர். அந்தப் பக்கத்து ஊர்தான் மண்டகொளத்தூர். இந்தியாவின் இரண்டாவது தலைமை நீதிபதி எம்.பதஞ்சலி சாஸ்திரியின் பெயருக்கு முன்னால் இருக்கும் 'எம்' இந்த ஊரைத்தான் குறிக்கிறது.

யார் இவர்?

1889-ல் பிறந்தவர். அப்பா சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சம்ஸ்கிருத பண்டிதர். வருமான வரி வழக்குகளில் பெயர் வாங்கிய சாஸ்திரி, 1939-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 1951 நவம்பரில் தலைமை நீதிபதி கானியா திடீரென இறக்க, அந்த நாற்காலி இவருக்கு வந்தது.

அரசுக்கு அடங்கிப்போனவரா? இல்லை. சென்னை அரசு ஒரு பத்திரிகைக்குப் போட்ட தடையை 1950-ல் ரத்து செய்த தீர்ப்பை எழுதியவரே இவர்தான்.

தேர்தல் என்றால் மட்டும் ஏன் ஒதுங்கினார்கள்?

முதல் பொதுத்தேர்தல் நேரம். நாமக்கல்லில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு நிராகரிக்கப்பட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1952 ஜனவரியில் சாஸ்திரி தலைமையிலான ஆறு நீதிபதிகள் அமர்வு கைவிரித்தது. தேர்தல் பாதியில் நிற்கக் கூடாது, குறை இருந்தால் முடிந்தபிறகு தேர்தல் மனு போடுங்கள் என்பதே சாரம். தீர்ப்பை எழுதியவர் ஃபசல் அலி. அடிப்படை, அரசியல் சட்டத்தின் 329-வது பிரிவு.

அதே பிரிவின் முதல் பகுதிதான் தொகுதி வரையறைக்கும் பூட்டு. அந்தச் சட்டங்கள் செல்லுமா என்று எந்த கோர்ட்டிலும் கேட்க முடியாது. அந்த அமர்விலிருந்த சந்திரசேகர ஐயரே ஓய்வுக்குப் பின் முதல் தொகுதி வரையறை ஆணையத்தின் தலைவரானார். ஆணையத்தின் உத்தரவுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 1966-ல் உஜ்ஜைன் தொகுதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1962-க்குப் பிறகு அங்கே கோர்ட்டுகள் தொகுதி வரைபடத்தையே ரத்து செய்கின்றன.

மலைக்கு என்ன சம்பந்தம்?

தமிழகத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். பழங்குடியினர் விகிதம் அதிகமுள்ள இடத்துக்குத்தான் தனித்தொகுதி. மலையாளி பழங்குடியினர் வாழும் ஜவ்வாது மலையோ மாவட்ட எல்லைகளால் துண்டாகிக் கிடக்கிறது. துண்டான பிறகு, ஒவ்வொரு தொகுதியிலும் கீழ்நாட்டு ஓட்டுதானே அதிகம்? கோடு எங்கே விழுகிறது என்பது மலை மேல இருக்கறவங்களுக்கு அவ்வளவு முக்கியம்.

கதவு முழுசா மூடியதா?

இல்லை. ஆணையத்தின் உத்தரவு அப்பட்டமாகத் தன்னிச்சையாக இருந்தால் கோர்ட் தலையிடலாம் என்று 2024-ல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1954 ஜனவரியில் ஓய்வுபெற்ற சாஸ்திரி, பிறகு சென்னை சட்ட மேலவையிலும் உட்கார்ந்தார். 1963-ல் காலமானார். 1952-ல் போட்ட அடிப்படை இன்றும் நிற்கிறது. அதனால் தொகுதி வரைவு வெளியாகி, ஆணையம் ஆட்சேபம் கேட்கும் நாட்கள்தான் மக்களுக்கு உண்மையான வாய்ப்பு. அதைத் தவறவிட்டால், அப்புறம் கோர்ட் வாசல் குறுகலானதுதான்.