எடிசனைத் திணற வைத்த பாட்டரி

தாமஸ் ஆல்வா எடிசன் 1847-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். மின்சார விளக்கும், பேசும் இயந்திரமும் அவருக்கு உலகப் புகழ் தந்தன. ஆனால், அவரைப் படாத பாடு படுத்தியது ஒரு பாட்டரி!

அக்காலத்து மின்சாரக் கார்களில் ஈயத் தகடு வைத்த பாட்டரி இருந்தது. அதைக் காலியாகப் போட்டு வைத்தால் கெடும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றினாலும் கெடும். இரண்டையும் தாங்கும் பாட்டரி செய்ய விரும்பினார் எடிசன். நிக்கல், இரும்பு கொண்டு செய்து 1903-ல் விற்பனைக்கு விட்டார்.

வந்தது வினை! பாட்டரிகள் கசிந்தன, வலுவிழந்தன. எடிசன் உற்பத்தியையே நிறுத்தினார். ஆனால் மனம் தளரவில்லை. பணத்தைக் கொட்டி, ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தார். 1909-ல் புதிய பாட்டரி வந்தது. அது பல ஆண்டு உழைத்தது.

அதற்குள் காலம் மாறியது. 1912-ல் பெட்ரோல் காரைக் கையால் சுற்றாமல் கிளப்பும் மோட்டார் வந்தது. மின்சாரக் கார்கள் மெல்ல மறைந்தன. எடிசனின் பாட்டரி ரயில்களுக்கும் சுரங்க விளக்குகளுக்கும் போயிற்று. 1931-ல் எடிசன் காலமானார்.

இன்று மின்சார வண்டி திரும்பி வந்துவிட்டது. குமரி மாவட்டத்தில் கீரிப்பாறை மலைச்சாலை ஏறும் மின்சார ஸ்கூட்டரானாலும் சரி, சென்னைத் தெருவில் ஓடுவதானாலும் சரி, பெரும்பாலும் லிதியம் பாட்டரிதான். கடும் சூட்டையும், மிகையான சார்ஜையும் அது தாங்காது. ஆகவே, உள்ளே ஒரு மின்னணுக் கருவி காவல் காக்கிறது. பாட்டரி நிறையும்போது மின்சாரத்தைக் குறைக்கிறது. சூடு மிஞ்சினால் நிறுத்தி விடுகிறது.

எடிசன் தேடிய நீண்ட ஆயுளை இன்று இந்தக் காவல் தருகிறது. ஆயினும், ஓடிச் சூடான வண்டியைச் சற்று ஆறவிட்டுச் சார்ஜ் போடுவதே நல்லது.