தாய்மாருக்காக வாதாடிய டாக்டர்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், சுற்றியுள்ள கிராமங்களிலும் ஒரு பெண் கர்ப்பமானால், நர்ஸம்மா அவள் பெயரைப் பதிவு செய்கிறார். பிறகு அவளுக்கு அரசாங்கத்தின் பிரசவ உதவி கிடைக்கிறது. பணமாகவும் சத்துப் பொருள்களாகவும் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அது. தமிழ்நாடு முழுவதும் இப்படித்தான். 1987ஆம் ஆண்டு தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு இன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

யார் இந்த முத்துலட்சுமி? பிரசவ உதவிக்கு அவர் பெயர் ஏன்?

திரைக்குப் பின்னால் படிப்பு

1886ஆம் ஆண்டு ஜூலை 30ந் தேதி புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் தலைவர். தாயார் சந்திரம்மாள், இசையில் சிறந்த குலத்தைச் சேர்ந்தவர். அந்தக் குலத்தில் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் அப்போது இருந்தது.

பெண் பெரியவளானால் வீட்டுக்குள் இருக்க வேண்டும். சீக்கிரம் கலியாணம் செய்துவிட வேண்டும். இதுதான் அன்றைய ஊர் வழக்கம். ஆனால் முத்துலட்சுமிக்குப் படிப்பில் அளவில்லாத ஆசை. தந்தை வீட்டிலேயே படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் தேறியதும் கல்லூரியில் சேர மனுப் போட்டார்.

ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா? புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை, அனுமதி கொடுத்தார். வகுப்பில் மாணவர்களுக்கும் அவருக்கும் நடுவே திரை கட்டினார்கள். திரைக்குப் பின்னால் இருந்தே பாடம் கேட்டார்.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912ஆம் ஆண்டு பல பரிசுகளுடன் பட்டம் பெற்றார். எழும்பூரில் பெண்களுக்கான அரசாங்க ஆஸ்பத்திரியில் பணி செய்தார். 1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். கலியாணத்துக்கு முன்பே ஒரு நிபந்தனை போட்டார்: தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. கணவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

பிரசவம் என்றால் மறுபிறப்பு

அந்தக் காலத்தில் பிரசவ அறைக்குப் போன பெண் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. ராஜபாளையத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1898ஆம் ஆண்டு அங்கே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளிலேயே தாய் இறந்துவிட்டார். பாட்டிதான் அந்தக் குழந்தையை வளர்த்து ஆளாக்கினார். அவரே பி. எஸ். குமாரசாமி ராஜா, 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தவர்.

வசதியுள்ள குடும்பத்திலேயே இந்த நிலை என்றால், ஏழைகளின் கதி என்ன? சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழு 1946ஆம் ஆண்டு ஒரு கணக்குச் சொன்னது. இந்தியாவில் 1,000 பிரசவத்துக்கு 20 தாய்மார் இறந்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் உயிர்கள்!

காரணங்கள் பல. சுத்தமில்லாத கையும் கத்தியும் பட்டு ஜன்னி வந்தது. இரத்தப் போக்கை நிறுத்த வழியில்லை. பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை. இவை போதாதென்று பால்ய விவாகம் வேறு. பதின்மூன்று, பதினான்கு வயதில் இடுப்பு எலும்பு முழுவதும் வளர்ந்திருக்காது. குழந்தை வெளியே வரும் வழி குறுகலாக இருக்கும். நாள் கணக்கில் வலி எடுத்து, கடைசியில் தாயும் சேயும் மாண்டுபோவார்கள்.

கத்தரிக்கோலும் மருந்தும் வைத்திருக்கும் டாக்டர் ஒரு தாயைக் காப்பாற்றலாம். ஆனால் சிறுமியைத் தாயாக்கும் வழக்கத்துக்கு மருந்துக் கடையில் மருந்து இல்லை. அதற்குச் சட்டம் வேண்டும். இதை முத்துலட்சுமி அம்மையார் உணர்ந்தார்.

சட்டசபையில் ஒரு பெண்

1925ஆம் ஆண்டு மேல்படிப்புக்காக லண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகளின் நோய்களுக்கான சிகிச்சையைக் கற்றார். 1926ஆம் ஆண்டு பாரிஸில் பல நாட்டுப் பெண்கள் கூடிய உரிமை மாநாட்டிலும் கலந்துகொண்டார். அதே ஆண்டு சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண் அவரே. சபை அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

1928ஆம் ஆண்டு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பெண்ணுக்குக் கலியாண வயது 16, ஆணுக்கு 21 என்று வைக்க வேண்டும் என்றார். மறு ஆண்டு நாடு முழுவதற்கும் சாரதா சட்டம் நிறைவேறியது. அது பெண்ணுக்கு 14 வயதுதான் வைத்தது. 1949ஆம் ஆண்டு அது 15 ஆயிற்று. 18 ஆனது 1978ஆம் ஆண்டில்தான். அம்மையார் கேட்டதை எட்டவே ஐம்பது ஆண்டுகள் ஆயின.

பொட்டுக் கட்டும் வழக்கத்தையும் அவர் விடவில்லை. அறியாத வயதில் ஒரு சிறுமியைக் கோவிலுக்கு நேர்ந்துவிடுகிறார்கள். யாரோடு வாழ்வது, யாருக்குப் பிள்ளை பெறுவது என்பதை மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். தன் உடம்பின் மேல் அவளுக்கே உரிமை இல்லை. 1927ஆம் ஆண்டு இதைத் தடுக்கத் தீர்மானம் கொண்டுவந்து வெற்றி கண்டார். 1929ஆம் ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது. கோவில் ஊழியத்துக்காக மானிய நிலம் வைத்திருந்த பெண்கள், ஊழியத்தை விட்டாலும் நிலம் அவர்களுக்கே என்று அது கூறியது.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. மதம் போய்விடும் என்றனர் சிலர். தேவதாசிகளிலேயே சிலர், தங்கள் கலையும் சொத்தும் போய்விடுமோ என்று அஞ்சி மனுக் கொடுத்தனர். அதே குலத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ ஊர் ஊராகச் சென்று ஒழிப்புக்கு ஆதரவு திரட்டினார்.

1930ஆம் ஆண்டு காந்தியடிகள் கைதானார். முத்துலட்சுமி அம்மையார் பதவியை உதறிவிட்டு வெளியேறினார். பொட்டுக் கட்டுவதை அடியோடு தடுக்கும் மசோதா பாதியில் நின்றது. 1947ஆம் ஆண்டில்தான் அது சட்டமாயிற்று.

வீடே விடுதியானது

சட்டம் வந்தால் போதுமா? வெளியே வந்த பெண்கள் எங்கே தங்குவார்கள்? தேவதாசிக் குலத்துச் சிறுமிகளுக்கு விடுதிகள் இடம் தர மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். 1930ஆம் ஆண்டு அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். கதியற்ற பெண்களுக்கு அது சோறும் போட்டது, படிப்பும் தந்தது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சில் இருந்தது. நிதி திரட்டி, 1954ஆம் ஆண்டு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1956ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். 1968ஆம் ஆண்டு ஜூலை 22ந் தேதி, 81ஆம் வயதில் மறைந்தார்.

உலகம் ஒப்புக்கொண்டது

அவர் மறைந்து 26 ஆண்டுகள் கழித்து, 1994ஆம் ஆண்டு, எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் 179 நாடுகள் கூடின. அதுவரை ஜனத்தொகை என்றாலே எண்ணிக்கைக் கணக்குத்தான். இத்தனை பேருக்கு ஆபரேஷன் என்று இலக்கு வைத்து வேலை நடந்தது. கெய்ரோவில் நாடுகள் வேறு பாதைக்கு வந்தன. எப்போது பிள்ளை பெறுவது, எத்தனை பெறுவது என்பதை வற்புறுத்தல் இல்லாமல் முடிவு செய்யும் உரிமை தம்பதிகளுக்கும், தனி மனிதர் ஒவ்வொருவருக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டன. பெண்ணுக்குப் படிப்பும் உரிமையும் ஆரோக்கியமும் கிடைக்காமல் நாடு முன்னேறாது என்றும் ஏற்றன. 1996ஆம் ஆண்டு இந்தியாவும் குடும்ப நல வேலையில் மேலிருந்து இலக்கு வைக்கும் முறையைக் கைவிட்டது.

பெண்ணின் ஆரோக்கியத்தையும் உரிமையையும் பிரிக்க முடியாது என்பதுதான் கெய்ரோ சொன்னது. முத்துலட்சுமி அம்மையார் ஆஸ்பத்திரியிலிருந்து சட்டசபைக்குப் போனதும் அதற்காகத்தான்.

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. 2018-20ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 1 லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறந்தனர். பழைய கணக்கை அப்படியே சொன்னால், நாட்டில் லட்சத்துக்கு 2,000 பேர்!

ஆனாலும் வேலை முடியவில்லை. 2019-21ஆம் ஆண்டு ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 100க்கு 13 பேர் 18 வயதுக்கு முன்பே கலியாணம் ஆனவர்கள். அம்மையார் பெயரிலுள்ள பிரசவ உதவி, 19 வயது நிரம்பிய தாய்க்குத்தான் உண்டு. முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டுமே உண்டு. பதினேழு வயதில் தாயாகும் பெண்ணுக்கு ஆபத்து அதிகம், உதவியோ இல்லை. மூன்றாம் பிரசவத்துக்குப் போகும் ஏழைத் தாய்க்கும் அது கிடையாது.

அவர்களும் தாய்மார்களே. அவர்களுக்கு ஒரு வழி பிறக்கும்வரை அம்மையார் தொடங்கிய வேலை பாக்கி இருக்கிறது.