பைக் லோகோவில் இசைக்கவை எதுக்கு? ஒரு ஆர்கன் ரிப்பேரில் தொடங்கிய யமஹாவின் கதை

யமஹா பைக்கை எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க. அதோட லோகோவை என்னைக்காவது உற்றுப் பார்த்திருக்கீங்களா? வட்டத்துக்குள்ளே மூன்று கவைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். சக்கரத்தின் ஆரக்கால்னு நினைச்சிருந்தா, அது தப்பு. அவை இசைக்கவைகள். பள்ளி ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டோமே, அதேதான்.

பைக்குக்கும் இசைக்கவைக்கும் என்ன சம்பந்தம்? இதுகூடப் பரவாயில்லை. பியானோ, கிடார், மவுத் ஆர்கன், விமான புரொப்பல்லர், படகு, பனிச்சறுக்குப் பலகை, வில், கோல்ஃப் மட்டை, குளியல் தொட்டி, வயலுக்கு மருந்தடிக்கும் ஆளில்லா ஹெலிகாப்டர்... இத்தனையும் யமஹா பெயரில் வந்தவை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான தொராகுசு யமஹா இறந்தது 1916-ல். தன் பெயரில் ஒரு பைக் ஓடும் என்று அவருக்குத் தெரியாது.

யார் இந்த தொராகுசு?

1851-ல் ஜப்பானின் கீஷு பகுதியில், இன்றைய வகாயாமாவில், ஒரு சாமுராய் குடும்பத்தில் மூன்றாவது மகனாகப் பிறந்தார். அப்பாவுக்கு அரசில் வானியல், நில அளவை சார்ந்த வேலை. 1868-ல் ஜப்பானில் ஆட்சி மாறியது. அடுத்த சில ஆண்டுகளில் சாமுராய்களுக்கு இருந்த மரியாதை, மானியம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வாளை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு பிழைப்பு தேட வேண்டிய நிலை.

தொராகுசு நாகசாகிக்குப் போனார். வெளிநாட்டுப் பொருட்கள் வந்திறங்கும் துறைமுக நகரம் அது. அங்கே கடிகார வேலை கற்றுக்கொண்டார். பிறகு மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கவும் பழகினார். ஊர் ஊராகச் சுற்றி, 1880-களின் நடுவில் ஹமாமத்சு என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த மருத்துவமனையின் கருவிகளைச் சரிசெய்வதுதான் வேலை. பெரிய வருமானம் கிடையாது. ஆனா, எந்த மெஷினைக் கொடுத்தாலும் பிரிச்சுப் பார்த்துச் சரி பண்ணிடுவார்.

45 யென் ஆர்கன், 3 யென் கணக்கு

1887. ஹமாமத்சு தொடக்கப் பள்ளியில் இருந்த ஆர்கன் பழுதாகிவிட்டது. அமெரிக்காவில் இருந்து இறக்குமதியான பொருள் அது. நம்ம ஊர் ஹார்மோனியத்தின் அண்ணன் மாதிரி: காலால் மிதித்தால் உள்ளே காற்று ஓடும், அந்தக் காற்றில் உலோக ரீடுகள் அதிர்ந்து ஒலி தரும். இதைச் சரிசெய்ய அந்த ஊரில் ஆள் இல்லை. அதனால் மருத்துவமனை மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

பிரித்துப் பார்த்தால் உடைந்திருந்தது ஸ்பிரிங்தான். சின்ன வேலை. மற்றவர்களாக இருந்தால் மாட்டிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். தொராகுசு உள்ளே இருந்த ஒவ்வொரு பாகத்தையும் வரைபடமாக வரைந்துகொண்டார். ஆர்கனின் விலை 45 யென். இதே பொருளை இங்கேயே செய்தால் 3 யென்னில் முடித்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. பள்ளிகளில் பாட்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்த காலம் அது. நாடு முழுக்க ஆர்கன் தேவைப்படப் போகிறது என்பதும் அவருக்குப் புரிந்தது.

கிசாபுரோ கவாய் என்ற உலோகக் கைவினைஞரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் முதல் ஆர்கன் தயார். பார்த்தவர்கள் ஏற்கவில்லை. ஒலி சரியில்லை என்றார்கள். ஆனால் எது சரியில்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மலை தாண்டிய ஆர்கன்

சொல்லக்கூடிய ஆட்கள் டோக்கியோ இசைக் கழகத்தில் இருந்தார்கள். அது சுமார் 250 கிலோமீட்டர் தூரம். டோக்கியோவுக்கு ரயில் பாதை அப்போது முழுசா முடியலை. நடுவில் ஹகோனே மலை. இரண்டு பேரும் ஆர்கனைக் காவடி போலக் கம்பில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு, மலையேறி இறங்கி, டோக்கியோ போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே கிடைத்த தீர்ப்பு: வடிவம் நல்லா இருக்கு, சுருதிதான் தப்பு. அவ்வளவு தூரம் சுமந்து வந்தது தோல்விதான். தொராகுசுவுக்கு மெஷின் தெரியும், இசை தெரியாது. ஆனால் கழகத்தின் தலைவர் ஷூஜி இசாவா அவரைத் திருப்பி அனுப்பிவிடவில்லை. அங்கேயே தங்கி இசைக் கோட்பாடும் சுருதி சேர்ப்பதும் படிக்க இடம் கொடுத்தார். சுமார் ஒரு மாதம் மாணவராக உட்கார்ந்தார், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய மெக்கானிக்.

ஊர் திரும்பி இரண்டாவது ஆர்கனைச் செய்தார். இறக்குமதி ஆர்கனுக்குப் பதிலாக இதை வாங்கலாம் என்று இந்த முறை ஒப்புதல் கிடைத்தது. சுருதி தெரியாமல் தோற்றவரின் நிறுவனம், 1898-ல் சுருதிக்கு அளவுகோலான இசைக்கவையைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது.

அவர் காலத்திலேயே எத்தனை பொருட்கள்?

1889-ல் ஆர்கன் நிறுவனம். 1897-ல் ஒரு லட்சம் யென் மூலதனத்தில் அது நிப்பான் கக்கி ஆனது. ஜப்பான் இசைக்கருவிகள் என்று பொருள். 1899-ல் தொராகுசு அமெரிக்கா போய் பியானோ தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். 1900-ல் நேர் நிற்கும் பியானோ, 1902-ல் கிராண்ட் பியானோ. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய கருவிகளுக்குப் பரிசு.

இதற்கு நடுவில் 1903-ல் மரச்சாமான் தயாரிப்பு. சும்மா ஆசைக்குத் தொடங்கியதா? இல்லை. பியானோ செய்யும் இடத்தில் நல்ல மரமும், அதை இழைத்து மெருகேற்றும் தச்சர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். 1914-ல் மவுத் ஆர்கன். அதுவும் ரீடில் ஒலிப்பதுதானே! இரண்டு ஆண்டில் தொராகுசு காலமானார்.

பியானோவில் இருந்து பைக் எப்படி?

அவருக்குப் பிறகும் இதே வழிதான். அன்றைய விமானங்களின் புரொப்பல்லர் மரத்தில் செய்யப்பட்டது. மரத்தை நுணுக்கமாக வளைத்து ஒட்டத் தெரிந்தவர்கள் பியானோ கம்பெனிக்காரர்கள். 1921-ல் அந்த வேலை நிப்பான் கக்கியிடம் வந்தது. பின்னர் உலோக புரொப்பல்லர், அதற்கான இயந்திரங்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் தொழிற்சாலை அழிந்தது. மிஞ்சிய இயந்திரங்களை வைத்து என்ன செய்வது?

1950-ல் தலைவரான கெனிச்சி கவாகாமி தேர்ந்தெடுத்தது மோட்டார் சைக்கிள். 1955-ல் 125 சிசி திறனுள்ள ஒய்ஏ-1 வந்தது. அதே ஆண்டு ஃபூஜி மலையேற்றப் பந்தயத்தில் அது ஜெயித்தது. கண்ணாடியிழை வேலை கைவந்ததும் படகு, வில், பனிச்சறுக்குப் பலகை, குளியல் தொட்டி என்று வரிசை நீண்டது. 1967-ல் வந்த டொயோட்டா 2000ஜிடி காருக்கு எஞ்சின் வேலை யமஹா மோட்டார் செய்தது, உள்ளே இருக்கும் மர வேலை நிப்பான் கக்கி செய்தது.

இப்போ இரண்டும் ஒரே கம்பெனியா?

இல்லை. பைக் தொழில் 1955 ஜூலையிலேயே யமஹா மோட்டார் என்று தனி நிறுவனமானது. நிப்பான் கக்கி 1987-ல், ஆர்கன் ரிப்பேரின் நூறாவது ஆண்டில், யமஹா கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வில், பனிச்சறுக்குப் பலகை போன்றவற்றை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். எல்லாமே ஜெயிக்கவில்லை.

லோகோவிலும் சின்ன வித்தியாசம் உண்டு. இசைக் கருவியில் கவைகளின் நுனி வட்டத்துக்குள் அடங்கி நிற்கும். பைக்கில் வெளி விளிம்பைத் தொடும். சென்னைக்கு அருகே இரண்டு நிறுவனங்களுக்குமே தொழிற்சாலை இருப்பதால், ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு வாய்ப்பு அதிகம். அடுத்த தடவை சிக்னலில் முன்னாடி ஒரு யமஹா நின்றால் பாருங்க.