ஆற்றைத் தேடி நடந்தவர்

கனடா நாட்டின் வடகோடியில் மரங்களும் வளராத வெளியினூடே பாய்ந்து வடகடலிற் கலப்பது காப்பர்மைன் ஆறு. அதன் முகத்துவாரத்தைக் கண்டு நிலப்படத்திற் குறித்த முதல் ஐரோப்பியர் சாமுவேல் ஹெர்ன் ஆவார்.

1745ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த ஹெர்ன், ஹட்சன் குடாக் கம்பெனியிற் பணிபுரிந்தார். அவ்வாற்றங்கரையிற் செம்பு மிகுதியென்று கேட்ட கம்பெனியார் அவரை அனுப்பினர். முதற் பயணம் வழித்துணைவர் கைவிட்டமையால் முறிந்தது. இரண்டாவதிலோ, கதிரவனின் உயரத்தை அளக்கும் கோணமானியைக் காற்று வீழ்த்தி உடைத்தது. கருவியின்றிப் படம் வரைதல் எங்ஙனம்? மனம் நொந்து திரும்பினார். வழியிற் குளிரால் வாடிய அவருக்குச் சிப்பவையன் தலைவர் மட்டோனபி தோலாடை ஈந்து காத்தார்.

1770 டிசம்பரில் மட்டோனபியையே வழிகாட்டியாகக் கொண்டு, பழங்கோணமானி ஒன்றுடன் மீண்டும் புறப்பட்டார். 1771 ஜூலையில் ஆற்றை அடைந்தார். அங்கு உறங்கிக்கொண்டிருந்த இனுயிட் மக்களை உடன்வந்தோர் கொன்று குவித்தனர். தடுக்க இயலாத ஹெர்ன் பின்னாளிலும் அதனை நினைந்து கண்ணீர் உகுத்தார். செம்போ, நாலு இறாத்தலளவில் ஒரு கட்டியே கிடைத்தது!

கடலருகே மூடுபனியும் தூறலும் சூழ்ந்தன. வானம் தெளியும்வரை பொறுத்திருந்து கதிரவனை நோக்கியிருக்கலாம், அவர் பொறுக்கவில்லை. முன்னர் அளந்ததைக்கொண்டு உத்தேசமாகக் கணித்து, முகத்துவாரத்தை ஏறத்தாழ 72 பாகை வட அட்சத்திற் குறித்தார். 1772இல் கோட்டைக்கு மீண்டார், 1792இல் மறைந்தார்.

1821இல் ஜான் பிராங்க்ளின் அங்குச் சென்று அளந்தார். முகத்துவாரம் 68 பாகைக்கும் சற்றுத் தெற்கே இருந்தது. பிழை 400 கிலோமீட்டருக்கும் அதிகம்! எனினும், அவ்வாறு வடகடலிற் கலக்கின்றது என்று ஹெர்ன் குறித்ததிற் பிழையில்லை.