கூலியா, கொடையா?

குற்றாலத்தில் சாரல் காலம். தென்காசியிலே கூட்டம் பேசிவிட்டு, மறுநாட் காலை தோழர்களோடு பேரருவிக்குப் போனோம் நாம். எண்ணெய் மணக்க மணக்க நெடிய வரிசை. ஆலைத் தொழிலாளி, அலுவலகக் குமாஸ்தா, வெற்றிலை வியாபாரி, வேலை தேடும் வாலிபன், அத்தனை பேரும் ஒரே வரிசையில்! உடம்பின் சூடு தணிய வந்தோர் பலர். பாவம் தொலைய வந்தோர் சிலர். அருவியோ எவனிடத்தும் குலம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை, நேற்று என்ன நல்லது செய்தாய் என்று கணக்கும் கேட்கவில்லை. தலையை நீட்டியவன் மீதெல்லாம் கொட்டிற்று.

அந்த நீரின் கீழ் நின்றபோதுதான் நெல்லைச் சீமையின் புலவரொருவர் நம் நினைவுக்கு வந்தார். 2019இல் தனி மாவட்டமாகும் வரை தென்காசியும் அந்த நெல்லையைச் சேர்ந்ததுதானே!

அவர்தான் எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை. 1827இல் கரையிருப்பு என்னும் சிற்றூரில், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சங்கரநாராயண பிள்ளை கம்பனில் ஊறியவர். வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடம். கம்பன் கவியே தாலாட்டு. நெற்றியிலே நாமம், நாவிலே தமிழ், ஊரிலே மதிப்பு. அன்றைய உலகம் ஒரு மனிதனுக்குத் தரக்கூடிய தகுதி அத்தனையும் அவருக்குப் பிறப்பிலேயே கிடைத்திருந்தது.

1853இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியரானார். தமிழ் சொல்லித் தரத்தான் போனார். தம் மதத்தை விடப் போகவில்லை. ஆயினும் உள்ளத்தில் ஒரு முள் தைத்தது. செய்த பாவத்துக்குக் கழுவாய் எது? நோன்பா? நீராடலா? தானமா? எத்தனை செய்தால் போதும்? எவன் அளந்து சொல்வான்? ஐந்தாண்டு அலைக்கழிந்த பின், 1858இல் சென்னையிலே திருமுழுக்குப் பெற்றார். உடன்பிறந்த முத்தையா பிள்ளையும் அந்த நெறியைத் தழுவினார். வைணவக் குடும்பமொன்றில் அது எத்தகைய இடி என்பதைத் தோழர்களே, எண்ணிப் பாருங்கள்!

அவரை ஈர்த்த கருத்து எது? மனிதன் தன் நற்செயலால் மீட்பை விலைக்கு வாங்க முடியாது; அது இறைவன் தரும் அருட்கொடை; நம்பிக்கை என்னும் வெறுங்கையை நீட்டிப் பெற்றுக்கொள்வதே வழி என்பது. பவுல் எழுதிய மடல்களில் உள்ள இந்தக் கருத்தைத்தான் மார்ட்டின் லூதர் 1517இல் மூண்ட போராட்டத்தில் முன்னிறுத்தினார். பாவ மன்னிப்புச் சீட்டு விற்றவர்களின் கடையை ஆட்டங்காண வைத்தார். வைணவருக்கும் இது முற்றிலும் அந்நியமன்று. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு நெறியா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை நெறியா என்று நம் நாட்டிலும் வாதிட்டார்கள் அல்லவா?

இந்தக் கருத்தைக் கதையாக்கியவர் ஜான் பனியன். பேராசிரியரா? பிரபுவா? இல்லை, ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்த தொழிலாளி! அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்று பன்னிரண்டாண்டு சிறையில் அடைத்தார்கள். அவர் நூல் 1678இல் வெளிவந்தது. முதுகிலே பாரச் சுமையோடு ஒருவன் நடக்கிறான். ஒழுக்கத்தின் ஊருக்குப் போ, அங்கே சுமை இறங்கும் என்கிறார் ஒரு கனவான். போகிறான், மலை தலைமேல் சரியும்போல் நிற்கிறது, சுமையோ முன்னிலும் கனக்கிறது. பின்னர்ச் சிலுவையின் முன் நிற்கையில் அது தானாகவே அவிழ்ந்து உருண்டோடுகிறது.

பாத்திரத் தொழிலாளியின் இந்தக் கதையைத்தான் கம்பன் நடையிலே தமிழாக்கினார் பிள்ளை. நற்போதகம் என்னும் மாத ஏட்டில் பதின்மூன்று ஆண்டு தொடராக வந்து, 1894இல் இரட்சணிய யாத்திரிகம் நூலாயிற்று. 3,700க்கு மேற்பட்ட பாடல்கள்! மதம் மாறியவர் தமிழை மாற்றிக்கொள்ளவில்லை. கிறிஸ்தவக் கம்பர் என்று நாடு போற்றிற்று. 1900இல் மறைந்தார்.

இங்கே உழைப்பாளித் தோழர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: உழைத்தவனுக்கு ஊதியம் என்பதல்லவா நியாயம்? நியாயந்தான். ஏசு சொன்ன கதையொன்றில், காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கிறான் திராட்சைத் தோட்டக்காரன். காலையில் வந்தவன் முணுமுணுக்கிறான். நாமாக இருந்தால் சங்கத்தையே கூட்டியிருப்போம்! ஆனால் பேசிய கூலியில் ஒரு காசும் அவனுக்குக் குறையவில்லை. கடைசியில் வந்தவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே என்று எண்ணினான் கொடுத்தவன். கூலி உரிமை, அதை உலகத்திடம் கேட்டு வாங்குவோம். கொடை வேறு, அதற்கு உரிமை கொண்டாட எவனுமில்லை.

அப்படியானால் நல்லது செய்யவே வேண்டாமா? வேண்டும். கனி தொங்குவதால் மரம் உயிர் பெறுவதில்லை. உயிருள்ள மரம் கனி தராமல் இருப்பதுமில்லை. நற்செயல் அருளுக்குத் தந்த விலையாகாது; அருள் பெற்றதன் அடையாளமாகும்.

நாம் சொர்க்கத்துக்கு வழி சொல்ல வந்தவர்கள் அல்லோம். ஆனால் இந்தக் கருத்தை நேர்மையாகப் பிடித்தால் என்ன விளையும் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. தகுதியால் எவனும் பெறவில்லை என்றால், தகுதி பேசி எவன் எவனைத் தாழ்த்த முடியும்? அதே நெல்லைச் சீமையில், வடக்கன்குளத்து ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கொடையைக் கும்பிட்டு வாங்கிய கைகளே, பக்கத்தில் நின்றவனைத் தொட அஞ்சின! அருளின் மீது குற்றமில்லை. அதைப் பெற்றும் பிறப்பின் பெருமையை இறக்கி வைக்காத நெஞ்சின் மீதுதான் குற்றம்.

அவர்களை மட்டும் சுட்டிவிட்டு நாம் தப்பிவிட முடியுமா? அருவியிலிருந்து திரும்பும் வழியில் தேநீர்க் கடையொன்றில் நின்றோம். ஒரே நீரில் நனைந்த தலைகள் துவட்டி முடித்ததும் ஊர் கேட்டன, தெரு கேட்டன, பிறகு தயங்கித் தயங்கிச் சாதியும் கேட்டன. ஈரம் காயும் முன்பே சுமையை மீண்டும் முதுகில் ஏற்றிக்கொண்டார்கள்!

தோழனே, உன் முதுகைத் தடவிப் பார்!