'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தின் கைகளும் நம் கணுக்கால்களும்

கிள்ளான் துறைமுகத்தில் 1953இல் பிறந்தவர் ஆர். ஆறுமுகம். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக விளையாடினார். நீண்ட கைகளால் தாவிப் பந்தைப் பிடித்ததால் ரசிகர்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்றே அழைத்தனர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவின் கோல் காவலர் அவர்தான். ஆனால் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அக்கனவு கைகூடவில்லை. 1988 டிசம்பரில் கார் விபத்தில் காலமானார். அப்போது வயது 35.

இன்றும் அவரது கைகளைத்தான் பேசுகிறோம். ஆனால் ஒவ்வொரு தாவலும் முடிவது கணுக்காலில். தரையிறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்கினால் வெளிப்பக்கத் தசைநார் கிழியலாம். வீக்கம் வற்றியதும் திடலுக்கு ஓடினால் கணுக்கால் தளர்ந்து, அடிக்கடி பிசகும்.

காப்பார் திடல்களில் விளையாடும் மாணவர்களே, ஒற்றைக் காலில் நின்று கண்களை மூடிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் அதிகம் தள்ளாடினால் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரைப் பாருங்கள். ஒற்றைக்கால் சமநிலைப் பயிற்சி, குதிகால் உயர்த்தும் பயிற்சி இரண்டையும் தினமும் சில நிமிடங்கள் செய்யுங்கள். முன்பு சுளுக்கியவர்கள் ஆட்டத்தின்போது கணுக்கால் பட்டை அணிவது நல்லது. உயரத் தாவ விரும்புபவர் முதலில் உறுதியாகத் தரையிறங்கப் பழக வேண்டும்.