ஒலி கேட்டு இடம் கண்டவர்

வேட்டைக்குச் சென்ற தயரதன், இருளிலே குடம் நீர் முகக்கும் ஒலியை யானை நீருண்ணும் ஒலியெனக் கருதிக் கணை விடுத்த கதையை நாம் அறிவோம். ஒலி பிறந்த இடத்தை அவன் செவி பிழையின்றி அறிந்தது. அங்கு நின்றவன் யாரென்பதை அது அறியவில்லை.

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் பாதையிலுள்ள பூவரசங்குளத்தாருக்கு இச்செவிக்கலையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. போர் நடந்த ஆண்டுகளில், பீரங்கி முழங்கியது எத்திசையில், கிளம்பிய எறிகணை நம்மைக் கடந்து செல்வதா, நம்மேல் விழ வருவதா என்று சிறுபிள்ளைகளும் சொல்லக் கற்றிருந்தனர். பதுங்குகுழிக்குள் இறங்கியபின் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பர். செவி திசையைச் சொல்லும். ஆனால், பல மைல்களுக்கு அப்பால் மறைந்து நிற்கும் பீரங்கியை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்க அதனால் ஆகுமா? அதனை ஆகச் செய்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் லோறன்ஸ் பிராக். பௌதிகம் பயிலும் மாணவர் பிராக் விதியை எழுதிப் புள்ளி பெறுகின்றனர். அவ்விதிக்கு உரியவரே பீரங்கிகளைத் தேடியவர் என்பதை அவர்களுக்குச் சொல்வார் அரியர்.

பிராக் 1890 மார்ச் 31 இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிற் பிறந்தார். தந்தை அந்நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர். சிறுவன் விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டபோது, அப்பொழுதுதான் உலகறிந்திருந்த எக்ஸ் கதிரைக்கொண்டு தந்தையே அக்கையைப் படம்பிடித்துப் பார்த்தார். மகனின் வாழ்வு முழுவதையும் நிறைக்கவிருந்த கதிர் அவனை முதலிற் சந்தித்தது இவ்வாறுதான். கடற்கரையிற் சிப்பி பொறுக்கும் பழக்கமுடைய அவன் கண்டெடுத்த ஓட்டினால் புதிய கணவாய் இனமொன்று தெரியவந்து, அதற்கு அவன் பெயரே இடப்பட்டது.

கேம்பிரிட்ஜ் சென்ற பிராக், 1912 இல், பளிங்கினுள் அடுக்கடுக்காயுள்ள அணுத்தளங்களிற் பட்டுத் தெறிக்கும் எக்ஸ் கதிர்கள் கடக்கும் தூரங்களின் வேற்றுமையைக் கொண்டு அத்தளங்களின் இடைவெளியை அளக்கலாமென்று கண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. கண்ணுக்குத் தெரியாததன் இருப்பிடத்தை அலைகளின் வேற்றுமையால் அறிவது அவர் கண்ட வழி. இதனை மனத்திற் கொண்டால் பின்வருவது எளிதில் விளங்கும்.

போர் மூண்டது. குதிரைப் பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த அவரை, 1915 இல், பிரெஞ்சுக்காரர் பரீட்சித்துவந்த ஒலிவழி இடங்காணும் முறையைப் பயின்றுவர அனுப்பினர். அவ்வாண்டு செப்டெம்பரில் அவருடைய தம்பி றொபேட், கலிப்பொலியில் எறிகணையாற் காயமுற்று இறந்தான். நவம்பரில், தந்தைக்கும் மகனுக்குமாக நோபல் பரிசு கிடைத்த செய்தி வந்தது. பெல்ஜியக் கிராமமொன்றில் அவர் தங்கியிருந்த வீட்டுப் பாதிரியார் வைன் போத்தலொன்றைத் திறந்து அதனைக் கொண்டாடினார். இருபத்தைந்து வயதில் அறிவியலுக்கான நோபல் பரிசு இன்றளவும் வேறெவருக்கும் வாய்த்ததில்லை. எறிகணைக்குத் தம்பியை இழந்து பத்து வாரங்கள் கழிந்த நிலையில் அந்தக் கிண்ணத்தை அவர் எவ்வாறு கையிலேந்தியிருப்பார் என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம்.

முறை எளியது. போர்முனைக்குப் பின்னே ஆறு ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்தல் வேண்டும். ஒரே வெடியொலி ஒவ்வொன்றையும் வெவ்வேறு கணத்தில் அடையும். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்வதால், நூறிலொரு பங்கு செக்கன் மூன்றரை மீற்றருக்குச் சமம். ஈரொலிவாங்கிகளுக்கிடையேயுள்ள நேரவேற்றுமை வரைபடத்தில் ஓர் அதிபரவளைவைத் தரும். அத்தகைய வளைவுகள் வெட்டிக்கொள்ளும் இடத்திலே பீரங்கி நிற்கும். காற்றுக்கும் வெப்பநிலைக்கும் திருத்தஞ் செய்தல் வேண்டும்.

ஆனால் கருவி ஒத்துழைக்கவில்லை. எறிகணை ஒலியினும் விரைந்து பாய்வதால் சவுக்கடி போன்றதோர் ஓசையை எழுப்பும். அன்றைய ஒலிவாங்கிகள் அவ்வோசையைப் பதிந்தனவேயன்றி, பீரங்கி வாயிலிருந்து எழும் தாழ்ந்த முழக்கத்தைப் பதியவில்லை. விடை பிராக்குக்குக் கழிவறையிற் கிடைத்தது. நாணுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆர்க்கிமிடீசின் குளியற்றொட்டியைப் பாடநூலில் வைத்திருப்பவர்கள்தாமே நாம்! கதவடைத்த அச்சிற்றறையில் அமர்ந்திருந்தபோது, அருகிலிருந்த பீரங்கி முழங்குந்தோறும் கீழிருந்து வந்த காற்று அவரைச் சற்றே உந்தியது. காது கேளாத அலையில் அத்துணை வலு இருந்தது. அவர் குழுவிலிருந்த கோப்ரல் டக்கர், குடிசைச் சுவரின் துளை வழியே, முழக்கந்தோறும் குளிர்காற்று முகத்திற்படுவதை உணர்ந்தார். சூடேறிய கம்பி காற்றிற் குளிர்வதை முன்னரே ஆராய்ந்தவர் அவர். மின்னோட்டத்தாற் சூடாக்கிய மெல்லிய பிளாற்றினக் கம்பியைப் பெட்டியொன்றின் துளைக்குக் குறுக்கே கட்டினர். சவுக்கடிக்கு அது அசையவில்லை. முழக்கத்தின் காற்றலை பட்டதும் குளிர்ந்து, அதன் தடை மாறியது. அம்மாற்றம் ஓடும் படச்சுருளிற் கோடாகப் பதிந்தது. 1916 இன் நடுப்பகுதியில் இக்கருவி வென்றது.

1917 நவம்பரில் கம்பிறேயிலும், 1918 ஓகத்து 8 இல் அமியென்சிலும், முன்கூட்டிச் சுட்டுக் குறிபார்க்காமலே பிரித்தானியப் பீரங்கிகள் எதிரிப் பீரங்கிகளை ஒடுக்கின. அவற்றுட் பெரும்பாலானவற்றின் இடம் முன்னரே வரைபடத்திற் குறிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மனிதர் சிலர் நின்றனர். வரைபடத்தில் அவர்கள் இல்லை. அவர்களுக்கும் தம்பிமார் இருந்திருப்பர். எனினும், எதிரியின் பீரங்கி வாய் மூடியதால் அன்று உயிர் தப்பிய காலாட்படையினரையும் கணக்கில் எடாதிருத்தல் நீதியாகாது.

போர் முடிந்ததும் பிராக் பளிங்குகளுக்கே திரும்பினார். 1938 முதல் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தை நடத்தினார்; 1953 இல் வாற்சனும் கிறிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டது அக்கூடத்திலேயே. கொலாஜின் புரதத்தின் மும்முறுக்கைச் சென்னையிற் கண்டறிந்த ஜி. என். இராமச்சந்திரன், அவர் தலைமையின்போது அங்கு ஆய்வு செய்தவர். பிற்காலத்தில், பறக்கும் எறிகணையையே பின்தொடர்ந்து, அது கிளம்பிய இடத்தைக் கணிக்கும் ராடர் வந்தது. பிராக் 1971 ஜூலை 1 இல் மறைந்தார்.

ஒலிவழி இடங்காணும் நிலையங்கள் பதிந்த படச்சுருள்களுள் ஒன்று பலரும் அறிந்தது. அமெரிக்கப் படையினர் மோசெல் ஆற்றருகே 1918 நவம்பர் 11 இல் பதிந்தது அது. காலை பதினொரு மணிக்கு முந்திய நிமிடத்தில் ஆறு கோடுகளும் நடுங்குகின்றன. பிந்திய நிமிடத்தில் அவை நேராகச் செல்கின்றன.